அப்பாவுக்காக மும்பையில் மூன்று வாரம்: எலும்புக்குப் பரவிய புராஸ்டேட் கேன்சருக்கு அங்கே என்ன கிடைக்கிறது

செம்பூரிலோ மாட்டுங்காவிலோ இருக்கும் அப்பாவுக்கு "புராஸ்டேட் கேன்சர், எலும்புக்குப் பரவிவிட்டது" என்று தெரிந்ததும் சிங்கப்பூரிலிருந்தும் லண்டனிலிருந்தும் ஓடி வருகிற பிள்ளைகளின் கையில் மூன்று வார விடுப்புதான் இருக்கும். முதல் பத்து நாள் இன்னொரு டாக்டர், இன்னொரு ஆஸ்பத்திரி என்று அலைவதிலேயே போய்விடுகிறது. விமானம் ஏறுகிற அன்று அடுத்த ஊசி என்றைக்கு, யார் வாங்கி வைப்பது, ராத்திரியில் கால் மரத்துப்போனால் எங்கே கொண்டுபோவது என்று வீட்டில் யாருக்கும் தெரியாது. அதனால் இந்தப் பயணத்தில் மும்பையில் பார்த்தவற்றை ஒரே கேள்வியை வைத்து எழுதுகிறோம்: நீங்கள் திரும்பிப் போன பிறகும் எது தடையில்லாமல் நடக்கும்?

முதலில் நோயைப் பற்றி. பரவிவிட்டது என்றால் நாள் எண்ண வேண்டியதுதான் என்று அர்த்தமில்லை. முழுதாகக் குணமாகாது, ஆனால் மருந்துக்குக் கட்டுப்பட்டு, ஆண்டுக்கணக்கில் தன் வேலையைத் தானே பார்த்துக்கொண்டு நடமாடுகிறவர்கள் நிறையப் பேர். இந்தக் கேன்சர் வளர டெஸ்டோஸ்டிரோன் என்ற ஆண் ஹார்மோன் வேண்டும். அதை நிறுத்தினால் நோய் அடங்கும் என்று சார்ல்ஸ் ஹக்கின்ஸ் 1941-ல் காட்டினார். 1966-ல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. அதற்குப் பிறகு வந்த விலை உயர்ந்த மாத்திரைகளோடும் ஹார்மோனை அடக்கும் அடிப்படை சிகிச்சை சேர்ந்தே நடக்கும்.

பரேலில் இருக்கும் டாடா மெமோரியல் கேன்சர் ஆஸ்பத்திரி 1941-ல் தொடங்கியது. இன்று அணுசக்தித் துறையின் கீழ் இயங்குகிறது. பொதுப் பிரிவு, தனியார் பிரிவு என்று பதிவு இரண்டு வகை. வெளியே பயாப்சி எடுத்திருந்தால் ரிப்போர்ட் மட்டும் போதாது. கண்ணாடி ஸ்லைடும் மெழுகு பிளாக்கும் சேர்த்துக் கொண்டுபோக வேண்டும். அவை பயாப்சி பார்த்த லேபில் இருக்கும். எழுதிக் கேட்டு வாங்க நாளாகும், ஆகவே ஊரில் இருக்கும் தம்பியையோ மைத்துனரையோ நீங்கள் வந்து இறங்குவதற்கு முன்பே அனுப்பிவிடுங்கள். பிற்பாடு பிஆர்சிஏ மரபணு சோதனைக்கும் அதே பிளாக் தேவைப்படலாம். ஒப்படைக்கும்போது ரசீது வாங்கி ஃபைலில் வையுங்கள். ஸ்கேனுக்கு அச்சடித்த படம் மட்டும் போதாது, சிடியும் வேண்டும். இன்னொரு டாக்டரின் கருத்துதான் வேண்டுமென்றால், டாடாவோடு சேர்ந்து இயங்கும் நவ்யா என்ற ஆன்லைன் சேவைக்கு வெளிநாட்டிலிருந்தே ரிப்போர்ட்டுகளை அனுப்பலாம். அலைச்சலில் பாதி குறையும்.

வெளிநாட்டு ரிப்போர்ட்டுகளைப் பார்த்த பழக்கத்தில் பிள்ளைகள் தடுமாறுகிற ஓர் இடம் டெஸ்டோஸ்டிரோன் ரிப்போர்ட். இங்கே பெரும்பாலும் டெசிலிட்டருக்கு நானோகிராம் என்று எழுதுவார்கள். அங்கே லிட்டருக்கு நானோமோல். சிகிச்சை பிடித்திருக்கிறது என்று சொல்ல 50-க்குக் கீழே இறங்க வேண்டும் என்பதும், 1.7-க்குக் கீழே என்பதும் ஒரே அளவுதான். நோயின் போக்கைக் காட்டும் பிஎஸ்ஏ ரத்த சோதனையை எப்போதும் ஒரே லேபில் எடுங்கள். சிறுநீர்த் தொற்று இருக்கும்போதும், குழாய் போட்டு எடுத்த கையோடும் பார்த்தால் எண் தாறுமாறாக ஏறிக் காட்டும்.

டெஸ்டோஸ்டிரோனை நிறுத்த இரண்டு வழி: ஊசி, அல்லது விரைகளை எடுத்துவிடும் சிறிய அறுவை. அறுவையைப் பழைய வைத்தியம் என்று பிள்ளைகள் ஒதுக்கிவிடுகிறார்கள். எங்கள் கருத்தில் அது தவறு. ஒரே நாளில் முடிகிறது, சில மணி நேரத்தில் ஹார்மோன் விழுந்துவிடுகிறது, அதற்குப் பிறகு ஊசித் தேதி என்ற கவலையே இல்லை. கவனித்துக்கொள்ள ஆள் இல்லாத வீட்டுக்கு அது பெரிய விடுதலை. ஆனால் திரும்பப் பெற முடியாதது, மனசும் சம்பந்தப்பட்டது. பிள்ளைகள் கூடிப் பேசி முடிவெடுக்காமல், டாக்டர் அறையில் அப்பாவைத் தனியாகப் பத்து நிமிடம் பேச விடுங்கள். அம்மாவையும் கேளுங்கள். இரண்டு வழியிலும் ஆசை குறையும், உடம்பு திடீரென்று கொதித்து பனியன் நனையும், தசை கரையும், சர்க்கரை ஏறலாம். இதை முன்கூட்டிச் சொல்லாவிட்டால் அவர் யாரிடமும் சொல்லாமல் தனக்குள்ளேயே வைத்து மறுகுவார்.

ஊசி என்று முடிவானால் கோசெரிலின் போடுவதை ஒருமுறை பக்கத்தில் நின்று பாருங்கள். மூன்று மாதத்துக்கு 10.8 மில்லிகிராம். உள்ளே இருப்பது திரவமல்ல, அரிசி மணி போன்ற சிறு குச்சி. தொப்புளுக்குக் கீழே வயிற்றுத் தோலுக்கடியில் தடித்த ஊசியால் செலுத்த வேண்டும். இதுவரை இதைப் போட்டிராத நர்ஸ், வழக்கப்படி காற்றை வெளியேற்ற பிஸ்டனை அழுத்தினால் குச்சி இடம் பெயர்ந்துவிடும், சமயத்தில் வெளியே விழுந்தும்விடும். போடுவதற்கு முன் சிரிஞ்சின் சின்ன ஜன்னலில் குச்சி தெரிகிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறவர் என்றால் அதை முன்பே சொல்ல வேண்டும். அதே வேலைக்கான லியூப்ரோலைடு ஊசி வேறு மாதிரி: கலக்கியதும் பால் போலாகும், வைத்திருந்தால் படிந்து ஊசியை அடைக்கும். மூன்று மாத ஊசி என்றே எல்லாவற்றையும் சொன்னாலும் கம்பெனிக்குக் கம்பெனி மில்லிகிராம் வேறுபடும். கடைக்காரர் மாற்றிக் கொடுத்தால் டாக்டரைக் கேட்காமல் போட வேண்டாம். சிலவற்றை ஃபிரிட்ஜில் வைக்க வேண்டும், சிலவற்றுக்கு வேண்டாம், டப்பாவைப் படியுங்கள்.

இந்த ஊசிகள் முதல் ஒன்றிரண்டு வாரம் ஹார்மோனைக் குறைக்காது, ஏற்றும். முதுகெலும்பில் நோய் இருப்பவருக்கு அது ஆபத்து. அதனால்தான் அந்த ஹார்மோன் வேலை செய்யாமல் தடுக்கும் பைகாலுடமைடு மாத்திரை 50 மில்லிகிராமைச் சில நாள் முன்பே தொடங்கி, சில வாரம் கொடுக்கிறார்கள். அதை எந்தத் தேதியில் நிறுத்துவது என்று சீட்டில் எழுதி வாங்குங்கள். யாரும் சொல்லாததால் மாதக்கணக்கில் வாங்கிப் போட்டுக்கொண்டிருக்கும் வீடுகள் உண்டு.

ஹார்மோனை இன்னும் அடக்கும் அபிராடெரோன் மாத்திரையை எழுதிக் கொடுத்தால் சிக்கல் காலைக் காபியில் வருகிறது. வழக்கமான அளவு தினம் 1000 மில்லிகிராம், அதாவது 250-ல் நான்கு மாத்திரை. சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்து, அடுத்து எதுவும் சாப்பிட ஒரு மணி நேரம் முன்னால், வெறும் தண்ணீரில். கொழுப்பான சாப்பாட்டோடு போட்டால் மருந்து உடம்பில் பத்து மடங்கு வரை ஏறும்; நெய்ப் பொங்கலோடு விழுங்கினால் என்ன ஆகும் என்று யோசித்துக்கொள்ளுங்கள். ஐந்தரைக்கு எழுந்ததும் மாத்திரை, ஆறரைக்கு மேல் ஃபில்டர் காபி என்று வைத்தால் எளிது. கூடவே பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரை உண்டு, அதைக் காலை டிபனுக்குப் பிறகு. அதை வாங்க மறந்து திடீரென்று நிறுத்தினால் மயக்கம், ரத்த அழுத்தம் விழுவது எல்லாம் வரும். முதல் மூன்று மாதம் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை கல்லீரல் சோதனை. பொட்டாசியமும் பார்க்க வேண்டும். ரத்த அழுத்தத்தை வீட்டிலேயே பார்த்து எழுதலாம். கால் வீக்கம் உடம்பில் நீர் தேங்குவதற்கும், தசைப்பிடிப்பு பொட்டாசியம் குறைவதற்கும் அடையாளமாக இருக்கலாம். வீட்டில் கர்ப்பிணிப் பெண் இருந்தால் இந்த மாத்திரையை வெறுங்கையால் எடுத்துக் கொடுக்கக் கூடாது.

விலைக்கு வருவோம். இந்த மாத்திரையை இந்தியாவில் பல கம்பெனிகள் செய்கின்றன. அட்டையில் அச்சிட்ட விலைக்கும் பில்லில் வரும் விலைக்கும் பெரிய இடைவெளி இருக்கும். கேட்டால்தான் குறைப்பார்கள், ஆகவே மூன்று இடத்தில் கேளுங்கள். அரசின் அம்ரித் மருந்துக்கடைகள் கேன்சர், இதய நோய் மருந்துகளைத் தள்ளுபடியில் விற்கவே 2015-ல் தொடங்கப்பட்டவை. எழுபது வயது நிறைந்தவர்களுக்கு வருமானம் பார்க்காமல் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் வரை அரசின் ஆயுஷ்மான் மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் 2024 அக்டோபரிலிருந்து உண்டு. ஆதார் வேண்டும், தனியாக ஒரு கார்டு எடுக்க வேண்டும். நீங்கள் ஊரில் இருக்கும்போதே அப்பாவை உட்காரவைத்து எடுத்துவிடுங்கள். எந்த ஆஸ்பத்திரி, எந்த மருந்து அதில் அடங்கும் என்று அங்கங்கே கேட்டாக வேண்டும். பாபா அணு ஆராய்ச்சி மையத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற செம்பூர், அணுசக்தி நகர்க்காரர்கள் அந்தத் துறையின் மருத்துவத் திட்டமான சி.எச்.எஸ்.எஸ். புத்தகத்தை முதலில் தேடி எடுங்கள்.

கதிரியக்க மருந்தை ரத்தத்தில் ஏற்றிக் கேன்சரைத் தாக்கும் லுடீசியம் சிகிச்சை பற்றி எல்லோரும் கேட்கிறார்கள். அந்த லுடீசியம்-177 செம்பூரைத் தாண்டி டிராம்பேயிலுள்ள துருவா உலையிலேயே தயாராகிறது. அமெரிக்காவில் இந்தச் சிகிச்சைக்கு 2022 மார்ச்சில் அனுமதி கிடைத்தது. ஆறு வாரத்துக்கு ஒருமுறை, ஆறு முறை வரை. ஆனால் முதலில் எடுக்க வேண்டிய மருந்து இதுவல்ல. ஹார்மோன் மாத்திரையும், பெரும்பாலும் கீமோவும் கைவிட்ட பிறகு, இந்தக் கேன்சர் செல்களின் மேலுள்ள புரதத்தைத் தேடும் பிஎஸ்எம்ஏ பெட் ஸ்கேனில் நோய் பளிச்சென்று தெரிந்தால்தான் யோசிக்க வேண்டியது. மூன்று வார விடுப்பை இதற்காகச் செலவழிக்காதீர்கள்.

எலும்புக்கு ஜோலெட்ரானிக் அமிலமோ டெனோசுமாபோ தொடங்கும் முன் பல் டாக்டரிடம் ஒரு நாள். ஆடும் பல்லை முதலிலேயே எடுத்துவிட வேண்டும். மருந்து தொடங்கிய பிறகு எடுத்தால் தாடை எலும்பு ஆறாமல் போகலாம்.

எல்லாவற்றையும்விட நாங்கள் கவலைப்படுவது இதைப் பற்றித்தான். முதுகெலும்பில் பரவிய நோய் தண்டுவடத்தை அழுத்தலாம். புதிதாக வரும் நடுமுதுகு வலி, படுத்தால் கூடும் வலி, மாடிப்படி ஏறக் கால் துவளுவது, செருப்பு கழன்றது தெரியாமல் நடப்பது, சிறுநீர் வராமல் நிற்பது. இதில் ஒன்று வந்தாலும் காலை வரை காத்திருக்கக் கூடாது. வாயு, ஒத்தடம் என்று இரண்டு நாள் போனால் கால் போய்விடும். நடக்க முடிகிற நிலையில் சிகிச்சை தொடங்கியவர்தான் பெரும்பாலும் அதற்குப் பிறகும் நடக்கிறார். 108-ஐக் கூப்பிட்டு, எம்ஆர்ஐயும் கதிர்வீச்சும் இருக்கும் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். அங்கே சொல்ல வேண்டியதை ஒரு தாளில் தமிழிலும் இந்தியிலும் எழுதி ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டுங்கள்: புராஸ்டேட் கேன்சர், முதுகெலும்பில் பரவியது, கால் பலம் இன்றிலிருந்து குறைகிறது, முழு முதுகெலும்பு எம்ஆர்ஐ உடனே வேண்டும். பதற்றத்தில் அம்மாவுக்கு இந்தி வராது. தாளை நீட்டினால் போதும்.

எலும்பு வலிக்கு ஒரே ஒரு வேளை கதிர்வீச்சு பல பேருக்குப் போதுமானது. குறைய இரண்டு மூன்று வாரம் ஆகும், முதல் சில நாள் கூடவும் செய்யலாம். கடையில் கேட்டு வாங்கும் டைக்ளோஃபெனாக் சிறுநீரகத்தைக் கெடுக்கும், சிறுநீர்ப் பாதை அடைத்திருப்பவருக்கு இன்னும் மோசம். மார்ஃபின் தெருமுனைக் கடையில் கிடைக்காது. அங்கீகரிக்கப்பட்ட மருத்துவ நிலையங்கள் தருகின்றன, 2014-ல் சட்டம் திருத்திய பிறகு நடைமுறை எளிதாகியிருக்கிறது. கூடவே மலமிளக்கியும் எழுதி வாங்குங்கள், இல்லாவிட்டால் மலச்சிக்கலுக்குப் பயந்து அப்பா மார்ஃபினையே நிறுத்திவிடுவார். டாடாவில் வலி நிவாரணத்துக்கென்றே தனிப் பிரிவு இருக்கிறது. கடைசி நாள் வரை காத்திராமல் முதல் மாதத்திலேயே அங்கே ஒரு முறை காட்டுங்கள். பாந்திராவில் 1986 முதல், முற்றிய கேன்சர் நோயாளிகளைப் பார்த்துக்கொள்ளும் சாந்தி அவேத்னா சதன் என்ற இல்லம் கட்டணமில்லாமல் நடக்கிறது.

கிளம்புவதற்கு முந்தின நாள் சமையலறைச் சுவரில் தொங்கும் நாள்காட்டியை எடுங்கள். ஊசி போட்ட தேதியிலிருந்து 84 நாள் எண்ணுங்கள். மூன்று மாதம் என்று 92 நாள் விட்டால் ஹார்மோன் தலைதூக்க இடமுண்டு. அந்தத் தேதித் தாளில் சிவப்புப் பேனாவால் ஊசி என்று எழுதி, அதற்குப் பத்துத் தாள் முன்னால் மருந்து சொல்லி வைக்க என்று எழுதி, கடைக்காரர் எண்ணையும் குறித்துவிடுங்கள். தினம் காலையில் அந்தத் தாளைக் கிழிப்பது அம்மாதான்.