சென்னை வெயிலில் சைக்கிள்: பாலியஸ்டர் ஜெர்சியா, பழைய காட்டன் சட்டையா?

மேடவாக்கத்திலிருந்து தரமணிக்கு சைக்கிளில் ஆபீஸ் போக ஆரம்பித்து இது மூன்றாவது கோடை. முதல் கோடையில் ஆசையாக இரண்டு பாலியஸ்டர் ஜெர்சி வாங்கினேன். அடுத்த வருடம், அக்னி நட்சத்திரம் கொளுத்திக்கொண்டிருந்தபோது, இரண்டையும் ஓரம் கட்டிவிட்டு காலர் நைந்துபோன முழுக்கை காட்டன் சட்டைக்கு மாறிவிட்டேன். கூட சைக்கிள் ஓட்டுகிற நண்பர்கள் ஒருவரும் இதை ஒத்துக்கொள்வதில்லை, அதனால்தான் கொஞ்சம் விலாவாரியாக எழுதுகிறேன். தண்ணீர் குடிக்கணும், வெயில் ஏறுவதற்குள் கிளம்பணும் என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரிந்த சங்கதி, அதை விட்டுவிடலாம்.

ஜெர்சியின் பக்கம் நியாயம் இருக்கிறது. பாலியஸ்டர் நூல் ஈரத்தை ஏறக்குறைய உறிஞ்சாது, வியர்வை நூல்களுக்கு நடுவே ஊர்ந்து வெளிப்பக்கம் வந்து சீக்கிரம் காய்ந்துவிடும். காட்டனோ குடித்து வைத்துக்கொண்டு கனக்கும், முதுகில் ஒட்டும். சரி, ஆனால் காய்வதற்குக் காற்றும் ஒத்துழைக்க வேண்டுமே! வேலூரில் மண்பானைத் தண்ணீர் ஜில்லென்று இருக்கும். அதே பானையை சென்னையில் வைத்துப் பாருங்கள், சுமார்தான். இங்கே காற்றில் ஏற்கனவே ஈரம் நிறைய இருப்பதால் பானையில் கசிகிற நீர் ஆவியாகத் திணறுகிறது. நம் உடம்பும் இந்த விஷயத்தில் ஒரு பானைதான். ஒரு லிட்டர் வியர்வை முழுக்க ஆவியானால் கிட்டத்தட்ட 580 கிலோ கலோரி வெப்பத்தை எடுத்துக்கொண்டு போகும், மூக்கு நுனியிலிருந்து சொட்டிப் போனால் அது வெறும் தண்ணீர் நஷ்டம். மே மாதக் காலை எட்டரை மணிப் புழுக்கத்தில் நான் எதைப் போட்டுக்கொண்டு போனாலும் தொப்பலாக நனைந்துதான் ஆபீஸ் போய்ச் சேர்கிறேன், வாசலில் இருக்கும் செக்யூரிட்டி அண்ணன் "எங்க சார் மழை?" என்று கேட்காத நாள் குறைவு.

பள்ளிக்கரணை சதுப்பு நிலத்தை ஒட்டிப் போகும்போது ஓட்டுகிற வேகத்திலேயே காற்று அடிக்கும், அங்கே இரண்டு சட்டைக்கும் வித்தியாசம் தெரியாது. வேளச்சேரி விஜயநகர் சிக்னலில் காலை ஊன்றி நிற்கும்போதுதான் தெரியும். உடம்போடு ஒட்டித் தைத்த ஜெர்சி அப்படியே தோலில் அப்பிக்கொள்ளும். தொளதொள சட்டையில் மேல் இரண்டு பட்டனைக் கழற்றி ஒரு உதறு உதறினால் உள்ளே கொஞ்சம் காற்று போகும்.

இவ்வளவும் சேர்த்துப் பார்த்தால்கூட ஜெர்சியை நான் கைவிட்டிருக்க மாட்டேன். கைவிட வைத்தது நாற்றம். வியர்வைக்கு என்று பெரிதாக வாடை கிடையாது, அதைத் தின்று வளர்கிற பாக்டீரியாதான் காரணம். தண்ணீரைச் சேர்க்காத பாலியஸ்டர், தோலிலிருந்து வரும் எண்ணெய்ப் பிசுக்கை மட்டும் விடாமல் பிடித்துக்கொள்ளும். துவைத்து, காய்ந்து, மடித்து வைத்த ஜெர்சியை முகர்ந்தால் ஒன்றும் இருக்காது. போட்டுக்கொண்டு பத்து நிமிடம் மிதித்து உடம்பு சூடானதும் போன வாரத்து வாடை எழுந்து வரும். வினிகரில் ஊற வைத்தேன், உள்பக்கத்தை வெளியே திருப்பித் துவைத்தேன், வாசனைக்காக கம்ஃபர்ட் மாதிரியான கண்டிஷனரில் முக்கினேன் (இதைச் செய்யவே கூடாதாம், நூலின் மேல் படிந்து வியர்வையை வெளியே கடத்துகிற குணத்தையே கெடுத்துவிடும் என்று அப்புறம்தான் தெரிந்தது). கடைசியில் "அந்தச் சட்டை ரெண்டையும் பால்கனியோட நிறுத்திக்கோங்க" என்று வீட்டில் தீர்ப்பு வந்துவிட்டது. காட்டன் சட்டைக்கு இந்தப் பாடு எதுவும் இல்லை. ஆபீஸில் கழற்றியதும் பைக்குள் திணிக்காமல் ஹேங்கரில் மாட்டிவிடுகிறேன், வீட்டுக்கு வந்ததும் ஒரு அலசல், மொட்டை மாடிக் கொடியில் போட்டால் கோடையில் சீக்கிரமே காய்ந்துவிடும். மூன்று பழைய சட்டைகள் சுழற்சியில் ஓடுகின்றன, செலவு பூஜ்யம்.

வெயிலைத் தடுக்கிற விஷயத்தில் ஜெர்சிக்கே மார்க். மெல்லிசான வெள்ளைக் காட்டன் நனைந்துவிட்டால் புற ஊதாக் கதிர் சுலபமாக உள்ளே இறங்கும். அதனால் வெள்ளையை விட்டுவிட்டு நீலக் கட்டம் போட்ட, கொஞ்சம் நெருக்கமாக நெய்த சட்டையாக எடுத்துக்கொள்கிறேன். இடுப்புக்குக் கீழே இந்த வாதமே வேண்டாம், நனைந்த காட்டன் பேன்ட் தொடையை உரசிப் புண்ணாக்கிவிடும், அங்கே பாலியஸ்டர் ஷார்ட்ஸ்தான்.

நான் பேசுவது ஒரு மணி நேரத்துக்குள் முடிகிற சவாரியைப் பற்றி. ஈசிஆரில் மாமல்லபுரம் வரை போய்த் திரும்புகிற ஞாயிற்றுக்கிழமைகளில் நானே ஜெர்சிக்குத்தான் போகிறேன்: முதுகுப்பக்கப் பாக்கெட்டில் வாழைப்பழமும் போனும் வைக்கலாம், மூன்று மணி நேரம் நனைந்த காட்டன் அக்குளில் அறுக்கும். வறண்ட ஊர் வெயிலில் என் அனுபவம் கொஞ்சம்தான். வேலூரில் மாமா வீட்டில் இருந்த நாலைந்து நாள் நண்பகலில் ஓட்டிப் பார்த்தபோது, சட்டையையும் கழுத்தில் ஒரு துண்டையும் நனைத்துப் போட்டுக்கொண்டால் முதல் கால் மணி நேரம் ஏசி மாதிரி இருந்தது, அப்புறம் காய்ந்துவிட்டது, மறுபடி நனைக்க பாட்டில் தண்ணீரில் பாதி போயிற்று. அங்கே தினமும் ஓட்டுகிறவர்களுக்குக் கணக்கு வேறாக இருக்கலாம். நவம்பர் மழையில் காட்டன் இரண்டு நாளானாலும் காயாது என்பதால், பால்கனியில் கிடக்கிற அந்த இரண்டு ஜெர்சியையும் இன்னும் தூக்கிப் போடவில்லை.