கப்பல் டிப்ஸ் என்று சொல்லி 38,800 ரூபாய் ஏமாற்றிய காரைக்குடி சுற்றுலா முகவர்: எச்சரிக்கைப் பதிவு

சொகுசுக் கப்பல் பயணத்துக்கு முன்பணம் கட்டப்போகிற நம் செட்டிநாட்டுக்காரர்கள் யாராக இருந்தாலும், பணத்தை எண்ணிக் கொடுப்பதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். கப்பல் ஊழியர்களுக்கான டிப்ஸ் என்றும் கேப்டன் விருந்து என்றும் சொல்லி எங்களிடம் 38,800 ரூபாயை ரொக்கமாக வாங்கிக்கொண்ட காரைக்குடி சுற்றுலா முகவர் ஒருவர், அதில் ஒரு ரூபாயைக்கூடக் கப்பல் நிறுவனத்துக்குக் கட்டவில்லை. போன வாரம்தான் சிங்கப்பூரிலிருந்து திரும்பினோம். வயிற்றெரிச்சல் இன்னும் அடங்கவில்லை. புகார் கொடுக்க இருப்பதால் கடையின் பெயரை இங்கே எழுதவில்லை. விமான டிக்கெட், விசா, காசி யாத்திரை, இப்போது கப்பல் என்று எல்லாவற்றுக்கும் பலகை மாட்டியிருக்கும் கடை என்பது மட்டும் போதும்.

அந்த மனிதர் எங்கள் வீட்டுக்கே வந்தார். வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு நேராக ஆத்தாவின் காலில் விழுந்து கும்பிட்டார். முகப்பில் உட்கார்ந்து காபி குடித்தார். என் ஐயா நாகப்பட்டினத்தில் ரஜுலா கப்பல் ஏறிப் பினாங்குக்குக் கொண்டுவிற்கப் போன கதையை ஆத்தா சொல்லச் சொல்ல, இதுவரை கேட்டறியாதவர்போல் தலையாட்டிக் கேட்டார். பிறகு பையிலிருந்து ஒரு நீள நோட்டை எடுத்து, பிள்ளையார் சுழி போட்டு, தலைக்கு ஓர் இரவுக்கு 1,800 ரூபாய் வீதம் நான்கு பேருக்கு நான்கு இரவுக்கு 28,800 என்று எழுதினார். "ஆச்சி, கப்பல்ல யார் கையிலயும் நீங்க காசு குடுக்கக் கூடாது. அது அங்க மரியாதைக் குறைவு. எல்லாத்தையும் நான் இங்கேயே கட்டிர்றேன்" என்றார். அதோடு, கேப்டனோடு ஒரே மேசையில் சாப்பிட ஆளுக்கு 2,500 வீதம் 10,000 என்று இன்னொரு வரியும் சேர்த்தார். சொல்லை நம்பிக் கடல் கடந்து தொழில் செய்த ஊரில், பிள்ளையார் சுழி போட்டு எழுதிய கணக்கை யார் சந்தேகிப்பார்கள்? ஆத்தாவே பெட்டகத்தைத் திறந்து பணத்தை எடுத்துக் கொடுத்தார்.

அவர் சொன்னதில் பாதி உண்மை என்பதுதான் இந்த மோசடியின் விஷம். பெரிய கப்பல் நிறுவனங்கள் பலவற்றில் ஒருவருக்கு ஒரு நாளைக்கு ஏறத்தாழ 16 முதல் 20 அமெரிக்க டாலர் வரை டிப்ஸ் தானாகவே அறைக் கணக்கில் ஏறிவிடும். குழந்தைகளுக்கும் அதே தொகைதான் பெரும்பாலும். விரும்பினால் அதைப் பயணத்துக்கு முன்பே கட்டிவிடலாம். குடிக்கும் பானத்துக்கும் ஸ்பாவுக்கும் தனியாக 18 அல்லது 20 சதவீதம் சேர்ப்பார்கள். மிக உயர்ந்த வகைக் கப்பல்கள் சிலவற்றில் எல்லாம் கட்டணத்திலேயே அடங்கிவிடும். ஆனால் கையில் காசு கொடுப்பது மரியாதைக் குறைவு என்பது மட்டும் முழுப் பொய். எங்கள் சாப்பாட்டு மேசையில் இருந்த வயதான ஆங்கிலேயத் தம்பதியர் கப்பலிலேயே பாதி வாழ்க்கையைக் கழித்தவர்கள். முன்பெல்லாம் கடைசி இரவில் அறை ஊழியருக்கு ஓர் உறை, பரிமாறுபவருக்கு ஓர் உறை, அவருடைய உதவியாளருக்கு ஓர் உறை என்று பணம் வைத்துக் கொடுப்பதுதான் வழக்கம் என்றும், இன்றும் மனம் நிறைந்தால் கூடுதலாகக் கையில் கொடுப்பதை யாரும் தவறாக எடுப்பதில்லை என்றும் அவர்கள் விளக்கினார்கள்.

இதைக் கேட்டபோது ஆத்தாவின் முகம் வாடியதை என்னால் மறக்க முடியவில்லை. எங்கள் அறையைக் கவனித்த இந்தோனேசியப் பையன் தினமும் மாலையில் துவாலையை மடித்து ஒரு விலங்கு செய்து வைப்பான். முதல் நாள் யானை. ஆத்தா அதைப் பிள்ளையார் என்றே எடுத்துக்கொண்டு, பிரிக்கக் கூடாது என்று சொல்லிவிட்டு, துடைத்துக்கொள்ள வேறு துவாலை கேட்டு வாங்கினார். மறுநாள் குரங்கு, துணி மாட்டும் கம்பியில் தொங்கிய அதன் மூக்கில் ஆத்தாவின் கண்ணாடியே மாட்டியிருந்தது. கண்ணாடியைக் காணோம் என்று தேடிக்கொண்டிருந்தவர் அதைப் பார்த்து வாய்விட்டுச் சிரித்தார். அந்தப் பையனும் கதவருகே நின்று சிரித்தான். அவனுக்கு ஏதாவது கொடுக்க வேண்டும் என்று அன்றே கை பரபரத்தும், அவமரியாதை ஆகிவிடுமே என்று அஞ்சிப் பொட்டலம் பிரிக்காத சீப்புச் சீடையை மட்டும் கொடுத்தார். கொடுக்க நினைத்த கையைத் தடுத்த பாவமும் அந்த முகவரையே சேரும்.

கேப்டன் விருந்தின் கதை இன்னும் மோசம். எல்லோரும் நன்றாக உடுத்தி வரும் அந்த இரவுக்குத் தனிக் கட்டணமே கிடையாது. ஆத்தாவும் என் மனைவியும் காஞ்சிப் பட்டு உடுத்தி, நானும் மகனும் கோட்டு மாட்டிப் போய், கேப்டன் மேசை எது என்று கேட்டோம். உணவக மேலாளர் பட்டியலை இரண்டு தடவை பார்த்துவிட்டு, அந்த மேசைக்குக் கப்பல் தரப்பு அழைப்பவர்கள்தான் வருவார்கள், அது விலைக்கு இல்லை என்று பணிவாகச் சொன்னார். கேப்டன் நடுக்கூடத்துப் படிக்கட்டில் நின்று எல்லோருக்கும் கைகொடுத்தார். எங்களுக்கும் கொடுத்தார். அதற்குத்தான் 10,000 ரூபாய்.

கடைசி இரவு கதவருகே வந்த பில்லில் 288 டாலர் டிப்ஸ் என்று இருந்தது, நம் பணத்தில் சுமார் 25,000. விசாரணை மேசையில் நீண்ட வரிசை. அங்கிருந்த பெண் எங்கள் முன்பதிவைத் திரையில் காட்டி, முன்கூட்டி எதுவும் கட்டப்படவில்லை என்றார். வேண்டாமென்றால் நீக்கித் தருவதாகவும் சொன்னார். நீக்கினால் அந்தப் பையனின் கூலியில் அல்லவா கை வைப்போம்? அட்டையிலேயே கட்டிவிட்டு வந்தோம். முகவர் வாங்கிய 38,800 தனி. அது அவர் பையிலேயே இருக்கிறது.

ஊர் வந்ததும் போன் செய்தேன். சென்னை ஆபீசில் கேட்டுச் சொல்கிறேன் என்றார். அடுத்து, கப்பல் கம்பெனி திருப்பித் தர நாற்பத்தைந்து வேலை நாள் ஆகும் என்றார். கட்டாத பணத்தை எந்தக் கம்பெனி திருப்பித் தரும்? கடைக்கு நேரில் போனால், மேசையில் இருக்கும் பெண் தண்ணீர் கொடுத்து, "அண்ணன் மதுரைக்குப் போயிருக்காங்க" என்கிறார். உள்ளறையில் அவர் போன் பேசும் குரல் எனக்குக் கேட்கிறது. வெளியே வந்தவர் சொன்ன வார்த்தையைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை: "டிப்ஸ்னு குடுத்த காச திரும்பக் கேக்கலாமா அண்ணே, நம்ம ஊரு மரியாதை என்னாகிறது?" எங்கள் வீட்டுக் காபியைக் குடித்த வாய் இது. கையில் இருக்கும் ரசீதில் டிப்ஸ் என்ற சொல்லே இல்லை, 'இதர செலவு 38,800' என்று மட்டும் எழுதித் தந்திருக்கிறார்.

என்னென்ன கவனிக்க வேண்டும் என்று விரிவாக எழுத நினைத்தேன், இப்போதைக்கு இவ்வளவுதான் முடிகிறது. டிப்ஸை முகவரிடம் ரொக்கமாகக் கொடுக்காதீர்கள். கப்பல் நிறுவனத்தின் தளத்தில் உங்கள் முன்பதிவு எண்ணைப் போட்டு நீங்களே கட்டுங்கள், இல்லையென்றால் கப்பலில் கட்டுங்கள். முன்பே கட்டியதாக யாராவது சொன்னால் முன்பதிவுத் தாளில் அந்த வரியைக் காட்டச் சொல்லுங்கள். கேப்டன் மேசைக்குக் காசு கேட்டால் எழுந்து போய்விடுங்கள். ரசீதில் எதற்கு என்று எழுதாமல் வாங்காதீர்கள். ஏமாந்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.

சிவகங்கை மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கு மனு எழுதிக்கொண்டிருக்கிறேன். இதே போல 'இதர செலவு' என்ற ரசீது காரைக்குடி, தேவகோட்டை பக்கம் வேறு யாரிடமாவது இருந்தால், தூக்கிப் போட்டுவிடாமல் எனக்குத் தெரிவியுங்கள். சேர்ந்தே கொடுப்போம்.