லைட்பீம் 5ஏசி ஜென்2: வேகத்தை விட டிஷ் பார்க்கும் திசைதான் முக்கியம்

இரண்டு கட்டடங்களுக்கு நடுவே கேபிள் இழுக்க வழியில்லை, மாடிக்கு மாடி கண்ணுக்குத் தெரிகிறது என்றால் யுபிக்விட்டியின் இந்த 5 கிகாஹெர்ட்ஸ் மைக்ரோவேவ் ரேடியோ இரண்டு போதும். 23 டிபிஐ டிஷ் (சிக்னலை ஒரே திசையில் எவ்வளவு குவிக்கிறது என்ற அளவு டிபிஐ), கிகாபிட் போர்ட். 5 கிலோமீட்டர் வரை தாராளமாக வாங்கலாம்.

450 எம்பிபிஎஸ் என்று போட்டிருப்பது போவதும் வருவதும் சேர்ந்த கணக்கு. ஒரே சேனலில் மாறி மாறிப் பேசும் ரேடியோ இது. அந்த வேகமும் 80 மெகாஹெர்ட்ஸ் சேனல் சுத்தமாகக் கிடைத்தால்தான். சுற்றிலும் வைஃபை நெரிசல் இருந்தால் 40 அல்லது 20-க்கு இறங்கிவிடுங்கள். சேனல் அகலமானால் இரைச்சலும் அதிகம் நுழையும்.

மாடி ஏறுவதற்கு முன் ஒரு கணக்கு. 5.8 கிகாஹெர்ட்ஸில் 5 கிலோமீட்டருக்கு வெட்டவெளி இழப்பு, அதாவது தடையே இல்லாமலும் தூரத்தால் சிக்னல் குறைவது, சுமார் 122 டிபி. ஈஐஆர்பி வரம்பு, அதாவது டிஷ் குவிப்பையும் சேர்த்து அனுப்ப அனுமதியுள்ள சக்தி, 36 டிபிஎம் (சிக்னல் சக்தியின் அலகு) என்றால் மறுமுனையில் 36 − 122 + 23, அதாவது −63 டிபிஎம் வர வேண்டும். இரண்டு மூன்று டிபி குறைந்தால் கவலையில்லை. −80-இல் நிற்கிறதா? டிஷ் பெரும்பாலும் பக்கக் கதிரில், அதாவது முதன்மைக் கதிருக்கு ஓரமாகக் கசியும் பலவீனமான கதிரில், மாட்டியிருக்கும். அங்கேயும் ஒரு சின்ன உச்சம் உண்டு. இப்படித் திருப்பினாலும் குறையும், அப்படித் திருப்பினாலும் குறையும். 'இதுதான் உச்சம்' என்று நட்டை முறுக்கிவிடுவார்கள். முதன்மைக் கதிரின் அகலமே ஏறத்தாழ 10 டிகிரி, அதனால் இரு பக்கமும் 30 டிகிரி வரை மெதுவாகத் திருப்பிப் பாருங்கள். மேடு, பெரிய மேடு, மேடு என்று வரும். நடுவில் உள்ளதில் நிறுத்துங்கள். பிறகு மேல்கீழ். ஒரு முனை முடிந்த பிறகே மறுமுனையைத் தொட வேண்டும். செட்டிங்குக்கென்றே தனி வைஃபை இருப்பதால் ஏணியில் நின்றபடி போனிலேயே அளவைப் பார்க்கலாம். உண்மையிலேயே உதவும் வசதி.

எதிர் மாடி தெரிந்தால் மட்டும் போதாது. சிக்னல் நேர்கோட்டைச் சுற்றியும் இடம் எடுத்துக்கொள்ளும், அந்த இடம்தான் பிரெனல் மண்டலம். 5 கிலோமீட்டர் பாதையின் நடுவில் அதன் ஆரம் 8 மீட்டர். அதில் 60 சதவீதம், அதாவது நேர்கோட்டுக்குக் கீழே சுமார் 5 மீட்டர், காலியாக இருக்க வேண்டும். இலையுதிர்ந்த மரத்துக்கு மேலாகக் கட்டிய லிங்க் துளிர் விட்டதும் தள்ளாடும்.

மழையைக் குறை சொல்ல வேண்டாம். 60 கிகாஹெர்ட்ஸ் மழையில் திணறும். 5 கிகாஹெர்ட்ஸுக்கு இந்தத் தூரத்தில் அது பொருட்டே இல்லை. மழைக்குப் பிறகு வேகம் விழுந்தால் கனெக்டரைக் கழற்றிப் பாருங்கள். தகடுகளில் பச்சைக் களிம்பு, போர்ட் 1000 எம்பிபிஎஸ்ஸிலிருந்து 100-க்கு இறங்கியிருக்கும். கேபிள் கீழே ஒரு வளைவு தொங்கி, பிறகு மேலேறி போர்ட்டுக்குள் நுழைய வேண்டும். தண்ணீர் வளைவிலேயே சொட்டிவிடும்.

மின்சாரம் 24 வோல்ட் பாஸிவ் பிஓஇ. நெட்வொர்க் கேபிள் வழியாகவே மின்சாரம் தருவது பிஓஇ, எதிரே என்ன சாதனம் என்று கேட்காமலே தருவது பாஸிவ். சாதாரண பிஓஇ ஸ்விட்ச்சில் செருகினால் உயிர் வராது. 48 வோல்ட் பாஸிவ் இன்ஜெக்டரில் செருகினால் இருக்கிற உயிரும் போகும். ரேடார் பகிரும் சேனலைத் தேர்ந்தால் ஒரு நிமிடமாவது காதுகொடுத்த பிறகே ஒலிபரப்பும். வானிலை ரேடாரின் 5600–5650 மெகாஹெர்ட்ஸில் ஐரோப்பிய விதிப்படி 10 நிமிடம். 'செத்துவிட்டது' என்று ரீசெட் செய்துவிடாதீர்கள்.

10 கிலோமீட்டருக்கு மேல் என்றால் 30 டிபிஐ டிஷ்ஷுக்குப் போங்கள். ஈஐஆர்பி வரம்பு இருப்பதால் அனுப்பும் பக்கம் லாபமில்லை. சிக்னலைப் பெறும் பக்கம் 7 டிபி கூடும், கதிர் குறுகுவதால் அக்கம்பக்கத்து இரைச்சலும் குறையும்.