ஆயில் சீல் மாற்றியும் நிற்காத கசிவு: ஒரு ஃபோர் வீல் டிரைவ் டிரக் அனுபவம்

என்னிடம் இருக்கும் அதே டிரக், பழையது ஒன்று விற்பனைக்கு வந்திருக்கிறது, வாங்கலாமா என்று நண்பர் கேட்டார். இன்ஜின், இழுவை, மைலேஜ் எல்லாம் அவருக்கே தெரியும். அதனால் எனக்குச் சொல்லத் தோன்றுவது ஒன்றே ஒன்று: பின் டிஃபரென்ஷியலின் (பின் சக்கரங்களுக்குச் சுழற்சியைப் பிரித்துக் கொடுக்கும் கியர் தொகுதி) பினியன் ஆயில் சீல், அதாவது அதற்குள் போகும் பினியன் தண்டைச் சுற்றி ஆயில் வெளியே வராமல் தடுக்கும் ரப்பர் வளையம்.

வண்டியைப் பற்றிக் குறை சொல்ல எனக்கு மனசு வராது. லோ ரேஞ்சில் போட்டால் எந்தச் சேற்றிலும் அவசரப்படாமல் ஏறி வெளியே வரும். எத்தனை பாரம் ஏற்றினாலும் சேசிஸ் முனகியதில்லை. ஆனால் இன்ஜின் பக்கமிருந்து சுழற்சியைக் கொண்டுவரும் புரொப்பல்லர் ஷாஃப்ட் டிஃபரென்ஷியலில் வந்து சேரும் இடத்தில் முதலில் லேசான ஈரம், அப்புறம் தூசி அப்பிய கருப்புப் பசை, அப்புறம் தரையில் சொட்டு. கியர் ஆயிலுக்கே உரிய கந்தக வாடை அடித்ததால், இன்ஜின் ஆயிலோ என்ற சந்தேகத்துக்கும் இடமில்லை.

பட்டறையில் சீலை மாற்றினார்கள். கொஞ்ச நாள் காய்ந்திருந்தது, மறுபடி கசிந்தது. மறுபடி மாற்றினார்கள். "சீல் குவாலிட்டி சரியில்லை சார், வைட்டான் போட்டுடலாம்" என்றார்கள். இந்தப் பதில்தான் எனக்கு ஆத்திரமூட்டியது. சாதாரண நைட்ரைல் ரப்பர் சுமார் 100 டிகிரி செல்சியஸைத் தாண்டித் தொடர்ந்து சூடானால் இறுகும், வைட்டான் 200 வரை தாங்கும், உண்மைதான். ஆனால் என் சீல்கள் இறுகவே இல்லை. கழற்றிய சீலின் உதடு விரலில் வளைந்தது, பின்னால் இருக்கும் சின்ன ஸ்பிரிங்கும் அதன் இடத்தில்தான் இருந்தது. பழுது வேறெங்கோ இருக்கிறது என்று அதுவே சொல்லவில்லையா?

காரணம் பிரீதர், அதாவது டிஃபரென்ஷியலின் உறையான ஹவுசிங் மூச்சுவிடும் காற்றுத் துளை. வண்டி ஓட ஓட ஆயில் சூடாகும், ஹவுசிங்குக்குள் இருக்கும் காற்று விரியும். அது வெளியேற மேலே இருக்கும் ஒரே வழி பிரீதர்தான். அதைச் சேறு அடைத்துவிட்டால் அழுத்தம் சீலின் உதட்டைத் தாண்டி ஆயிலைத் தள்ளிக்கொண்டு வரும். புது சீல் போட்டாலும் அதே கதைதான். தலைகீழாகவும் நடக்கும்: சூடான ஹவுசிங் ஓடைத் தண்ணீரில் இறங்கினால் உள்ளே காற்று சுருங்கி, சீல் வழியாகத் தண்ணீரை உறிஞ்சும். ஆயில் பால் கலந்ததுபோல் வெளுத்திருந்தால் அதுதான் காரணம். அதே அழுத்தம் அச்சு முனையில் உள்ள சீலையும் தள்ளும். பினியன் சீல் கசிந்தால் தரை அழுக்காகும், அளவைக் கவனிக்காமல் விட்டால் கியரும் போகும். அச்சு முனை சீல் கசிந்தாலோ ஆயில் நேராகப் பிரேக் ஷூவில் ஏறிவிடும், அது உயிர் விஷயம்.

கடைசியாகப் பார்த்த மெக்கானிக் சீலைத் தொடுவதற்கு முன் பிரீதர் மூடியைக் கழற்றினார். உள்ளே காய்ந்த மண். பினியன் தண்டோடு புரொப்பல்லர் ஷாஃப்ட் இணையும் பிளான்ஜில் நகத்தை ஓட்டிக் காட்டினார், பழைய சீல் உரசிய இடத்தில் பள்ளம் விழுந்திருந்தது. புது உதடும் அதே பள்ளத்தில்தான் போய் உட்கார்ந்திருக்கிறது. அதன்மேல் மெல்லிய ஸ்லீவ் ஒன்றை ஏற்றி, சீலின் உதட்டில் ஆயில் தடவிப் பொருத்தினார். பினியன் நட்டைக் கழற்றும் முன் நட்டிலும் ஷாஃப்டிலும் கோடு போட்டுக்கொண்டார், பினியன் சுழல எவ்வளவு விசை பிடிக்கிறது என்றும் அளந்தார். இந்த டிஃபரென்ஷியலில் கிரஷ் ஸ்லீவ் இருக்கிறது, நட்டை முறுக்கும்போது நசுங்கிப் பேரிங்கின் இறுக்கத்தைத் தீர்மானிக்கும் குழாய் அது. இம்பாக்ட் கன்னால் கண்மூடித்தனமாக முறுக்கினால் பேரிங்குக்கு அதிக இறுக்கம் போய், ஊளைச் சத்தத்தில் ஆரம்பித்து பேரிங்கே போய்விடும். முந்தைய பட்டறையில் யாரும் கோடு போட்டு நான் பார்க்கவில்லை. பேரிங்கில் ஆட்டம் இல்லாமல் தப்பித்தது வண்டியின் உறுதி.

பிரீதருக்கு நீள ஹோஸ் ஒன்று போட்டுச் சேசிஸுக்கு மேலே கொண்டுபோய்க் கட்டிவிட்டோம். அதன்பின் மழை, ஓடை எல்லாம் பார்த்தாகிவிட்டது, ஹவுசிங் தூசியாக மட்டும் இருக்கிறது. எவ்வளவு நிம்மதி!

ஆனாலும் கேட்கிறேன், தண்ணீரில் இறங்கும் என்று சொல்லி விற்கிற வண்டிக்கு, தயாரிக்கும்போதே அந்த ஹோஸைப் போட்டால் என்ன? முன் அச்சுக்குப் போட்டிருக்கிறார்கள், பின் அச்சுக்கு வெறும் குட்டி மூடி. சர்வீஸ் அட்டவணையிலும் பிரீதர் என்ற பேச்சே இல்லை. இத்தனை நல்ல டிரக்கை இப்படி விட்டிருக்க வேண்டாம்.

நண்பருக்கு என் பதில், இன்றைய மனநிலையில், வாங்க வேண்டாம் என்பதுதான். என்னுடையதை நான் விற்கப்போவதில்லை, அது வேறு விஷயம். அவர் பார்த்தே தீருவேன் என்றால், அடியில் படுத்து முதலில் பிரீதர் மூடி சுழல்கிறதா என்று பார்க்கட்டும், புரொப்பல்லர் ஷாஃப்டைக் கழற்றச் சொல்லிப் பிளான்ஜை ஆட்டிப் பார்க்கட்டும், ஃபில்லர் பிளக்கைத் திறந்து ஆயிலின் நிறத்தைப் பார்க்கட்டும். கழுவிப் பளபளவென்று நிறுத்தியிருந்தால், ஒரு நீண்ட ஓட்டம் ஓட்டிவிட்டு வந்து மறுபடி அடியில் படுக்க வேண்டும்.