காதால் வைத்த டைமிங், உடைந்த பிஸ்டன்: பழைய கார் வைத்திருப்போர் கவனத்திற்கு

பாயிண்ட் வைத்த டிஸ்ட்ரிபியூட்டர் உள்ள பழைய பெட்ரோல் கார் வைத்திருப்பவர்கள், "டைமிங் வைத்துத் தருகிறோம்" என்ற சொல்லை மட்டும் நம்பி வண்டியைப் பட்டறையில் விட்டுவிட்டு வர வேண்டாம் என்று கேட்டுக்கொள்ளவே இதை எழுதுகிறேன். டிஸ்ட்ரிபியூட்டர் என்பது ஒவ்வொரு சிலிண்டரின் பிளக்குக்கும் முறைப்படி மின்சாரத்தைப் பகிரும் கருவி; பாயிண்ட் அதற்குள் திறந்து மூடி ஸ்பார்க்கை உண்டாக்கும் சிறு மின்தொடர்பு; டைமிங் என்பது பிஸ்டன் மேலேறி வரும்போது அந்த ஸ்பார்க் எப்போது விழ வேண்டும் என்ற கணக்கு. நான் அப்படி விட்டுவிட்டு வந்தேன். நான்கே மாதங்களில் மூன்றாவது சிலிண்டரின் பிஸ்டன் உடைந்தது.

தொடக்கத்தில் இருந்த குறை சிறியது. மெதுவாகப் போகும்போது ஒன்றும் தெரியாது. வேகம் கூடக் கூட இழுவை குறையும். இதை விளக்கமாகச் சொல்லித்தான் விட்டேன். மாலையில் எடுத்தபோது இழுவை கூடியிருந்தது. பில்லில் பாயிண்ட் மாற்றியதாகவும், கருவி கொண்டு டைமிங் சரிபார்த்ததாகவும் எழுதியிருந்தார்கள். மகிழ்ச்சியோடு பணம் கொடுத்தேன்.

இரண்டு வாரங்களில் வேறு அறிகுறிகள் தோன்றின. மேட்டில் டாப் கியரில் ஆக்சிலேட்டரை அழுத்தினால், இன்ஜினுக்குள் கோலிக்குண்டுகள் உருளுவது போன்ற சத்தம் கேட்டது. சூடான இன்ஜினை ஸ்டார்ட் செய்யும்போது, யாரோ எதிர்ப்பக்கம் பிடித்துத் தள்ளுவது போல ஸ்டார்ட்டர் மோட்டார் திணறியது. ஸ்பார்க் அளவுக்கு மீறி முன்கூட்டியே விழுகிறது என்பதற்கு இவை இரண்டும் நன்கு அறியப்பட்ட அடையாளங்கள். எனக்கு அப்போது தெரியாது, ஆனால் தொழில் செய்பவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். அவரோ பெட்ரோலின் தரத்தைக் குறை சொன்னார். அடுத்த முறை பிளக்குகளை மாற்றி, அதற்கும் பணம் வாங்கினார். டைமிங் லைட்டை (ஸ்பார்க் விழும் ஒவ்வொரு முறையும் மின்னி, சுழலும் குறி எங்கே இருக்கிறது என்று காட்டும் விளக்கு) போட்டுக் காட்டும்படி கேட்டதற்கு, இத்தனை வருட அனுபவத்தில் தனக்குக் காதே போதும் என்றார். அப்படியானால் பில்லில் எழுதிய கருவி எது என்று நான் அங்கேயே கேட்டிருக்க வேண்டும்.

பிஸ்டன் போன பிறகு வண்டியைப் பார்த்த வேறொரு மெக்கானிக், இன்ஜினைப் பிரிப்பதற்கு முன்பே டைமிங்கை அளந்தார். டைமிங் குறி இருப்பது கிராங்க் (பிஸ்டன்கள் சுழற்றும் தண்டு) முனையில் உள்ள புல்லியில். சில புல்லிகளில் வெளிவளையம் ரப்பரின் மேல் நழுவி, குறியே இடம் மாறியிருக்கும் என்பதால், முதல் சிலிண்டரின் பிஸ்டன் உச்சிக்கு வரும் இடத்தோடு புல்லிக் குறி பொருந்துகிறதா என்று முதலில் சரிபார்த்தார். பின்னர் வேக்குவம் குழாயை (இன்ஜினின் உறிஞ்சலைக் கொண்டு டைமிங்கை மாற்றுவது) கழற்றி அடைத்து, ஐட்லிங் (ஆக்சிலேட்டரை அழுத்தாமல் ஓடும் நிலை) வேகத்தைக் கையேட்டில் உள்ளபடி வைத்து, முதல் பிளக் வயரில் லைட்டை மாட்டினார். என் இன்ஜினுக்குக் கையேடு சொல்வது உச்சிக்கு முன் 10 டிகிரி, அதாவது பிஸ்டன் உச்சியை எட்ட கிராங்க் இன்னும் 10 டிகிரி திரும்ப வேண்டியிருக்கும்போது ஸ்பார்க். லைட் காட்டியது 22. அதன்பின் நிமிடத்துக்கு 3000 சுற்று வரை ஏற்றியபோதும் குறி 22-ஐ விட்டு அசையவே இல்லை.

அங்கேதான் முழு விஷயமும் வெளிப்பட்டது. நிமிடத்துக்கு 1000 சுற்றில் ஓடும் கிராங்க், நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு நேரத்தில் 6 டிகிரி திரும்புகிறது; 3000 சுற்றில் அதே நேரத்தில் 18 டிகிரி. கலவை எரிய வேண்டிய நேரம் அந்த அளவுக்குக் குறைவதில்லை. ஆகவே வேகம் கூடும்போது ஸ்பார்க் முன்னதாக விழ வேண்டும். டிஸ்ட்ரிபியூட்டருக்குள், பாயிண்ட் தட்டுக்குக் கீழே உள்ள இரண்டு எடைகள் விரிந்து அந்த வேலையைச் செய்கின்றன. என் வண்டியில் அவை துருவேறி இறுகியிருந்தன. நான் முதலில் சொன்ன குறைக்கு இதுவே காரணம். பட்டறைக்காரர் அதைத் திறந்து பார்க்காமல், டிஸ்ட்ரிபியூட்டர் உடலையே திருப்பி முன்தள்ளிவிட்டார். அதிக வேகத்தில் குறை மறைந்தது. குறைந்த வேகத்தில், பாரம் இழுக்கும் ஒவ்வொரு தருணத்திலும் பிஸ்டன் அடி வாங்கியது. பாரமில்லாத இன்ஜின் டைமிங் முன்னேறினால் ஐட்லிங்கில் இன்னும் வேகமாகவே ஓடும் என்பதால், அந்த நிலையில் காதால் கேட்டு வைப்பவர் தேவைக்கு மேல் தள்ளிவிடுவது எளிது.

எடைகள் இறுகியிருக்கின்றனவா என்று அறியக் கருவியே தேவையில்லை. இன்ஜினை அணைத்து, டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைக் கழற்றி, ரோட்டரை (மூடிக்குள் சுழலும் துண்டு) அது சுழலும் திசையில் விரலால் திருப்ப வேண்டும். சிறிது நகர்ந்து, விட்டதும் ஸ்பிரிங் இழுத்துத் தானாகத் திரும்ப வேண்டும். என் ரோட்டர் கல் போல நின்றது. ஒரு நிமிடம் கூட ஆகாத இந்தச் சோதனையைச் செய்திருந்தால் பிஸ்டன் பிழைத்திருக்கும் என்பதை நினைக்கும்போது இன்றும் வருத்தமாக இருக்கிறது.

பாயிண்ட் மாற்றுபவர்கள் வரிசையையும் கவனியுங்கள். பாயிண்ட்டின் இடைவெளியை ஃபீலர் கேஜ் (தடிமன் குறித்த மெல்லிய தகடு) கொண்டு முதலில் வைத்த பிறகே டைமிங் வைக்க வேண்டும். இடைவெளி கூடினால் டைமிங் முன்னேறும், குறைந்தால் பின்வாங்கும். டைமிங் வைத்துவிட்டுப் பாயிண்ட்டைத் தொட்டால் வைத்தது வீண்.

எடைகளின் துருவை நீக்கி எண்ணெயிட்ட பிறகு இப்போது ஐட்லிங்கில் 10 டிகிரியும், 3000 சுற்றில் 30 டிகிரியும் வருகின்றன. இரண்டாவது மெக்கானிக் லைட்டை என் கையில் கொடுத்துப் பார்க்கச் சொன்னார். இரண்டு எண்களையும் பில்லிலேயே எழுதித் தந்தார். பழைய பட்டறையின் பில்லில் எண் எதுவும் இல்லை. அதைக் காட்டி விளக்கம் கேட்டபோது, பிஸ்டனுக்கு வயதாகிவிட்டது என்று மட்டும் சொன்னார்கள். பணம் திரும்பி வரவில்லை.