ஆள் நடவா, மெஷின் நடவா?

மேட்டூர் அணை திறந்து குறுவை நெல் வேலை ஆரம்பித்தாலே டெல்டாவில் இந்தக் கேள்விதான், அதுவும் நடவுக்கு ஆள் கிடைக்காமல் நாற்று முற்றிக்கொண்டே போகும்போது.

நாற்றங்கால்
ஆள்: ஏக்கருக்கு சுமார் 8 சென்ட், 25 நாள் நாற்று.
மெஷின்: பாய் நாற்றங்கால் (நாற்றைப் பாய் போலச் சுருட்டி எடுக்கலாம்), ஒரு சென்ட் போதும், 15 முதல் 18 நாளில் நட்டுவிட வேண்டும்.

நிலம்
ஆள்: மேடு பள்ளம், ஆழமான சேறு, சின்னத் துண்டு எதுவானாலும் சரி.
மெஷின்: இங்கேதான் பலர் கோட்டை விடுகிறார்கள். வயல் சமமாக இருக்க வேண்டும், உழுத சேறு ஓரிரு நாள் படிய வேண்டும், தண்ணீர் மெல்லியதாக நிற்க வேண்டும், இல்லாவிட்டால் அந்தக் குட்டை நாற்று பள்ளத்தில் மூழ்கிப்போகும்.

களை
ஆள்: வரிசையாக நடாவிட்டால் கையால்தான் பறிக்க வேண்டும்.
மெஷின்: நேர் வரிசை, கோனோவீடர் என்ற களைக் கருவியை இடையில் ஓட்டலாம்.

பணம்
ஆள்: கூலி மட்டும்.
மெஷின்: வாடகைக்கு எடுங்கள். மானியத்தில் சிறு, குறு விவசாயிக்குப் பாதி வரை கிடைத்தாலும், மூன்று ஏக்கர்காரர் சொந்தமாக வாங்கினால் போட்ட பணம் முடங்கும்.

வடிகால் சரியில்லாத, மழையில் தண்ணீர் நிற்கும் சம்பா வயலுக்கு ஆள் நடவுதான். சமமான வயலும் பம்புசெட்டும் இருந்தால் மெஷின். ஆனால் நடவுக்கூலியை நம்பி வீடு நடத்தும் பெண்களுக்கே ஊர்க் குழுவாக மெஷின் வாங்கிக் கொடுத்து, ஓட்டவும் பாய் நாற்று வளர்க்கவும் பழக்கினால் என்ன?