மூடி வைக்கக்கூடிய அலுவலகம்: சுவரில் மடியும் மேசை, பதினான்கு மாதங்களுக்குப் பிறகு

வேலூரின் சத்துவாச்சாரியில் இரண்டே அறைகள் கொண்ட வாடகை வீட்டில் குடியிருக்கும் நான், சென்னையிலுள்ள ஒரு நிறுவனத்துக்காக மருத்துவக் காப்பீட்டுக் கோரிக்கைகளைச் சரிபார்க்கும் வேலையை 2020 முதல் வீட்டிலிருந்தே செய்துவருகிறேன். முதல் நான்கு ஆண்டுகள் சாப்பாட்டு மேசையே எனக்கு அலுவலகமாக இருந்தது. காலை பத்து மணிக்கு மடிக்கணினியைத் திறந்தால், மதியச் சாப்பாட்டுக்கு அதை ஓரமாக நகர்த்தி, இரவுச் சாப்பாட்டுக்கு மறுபடி நகர்த்தி, எல்லோரும் படுத்த பிறகு அதே இடத்தில் மீண்டும் உட்காருவது வழக்கமாகிவிட்டது. வேலை நேரம் ஏழு மணிக்கு முடிகிறது என்று பணி ஆணையில் எழுதியிருந்தாலும், திரை கண்ணெதிரே திறந்திருக்கும்வரை அது முடிவதே இல்லை. இந்த நிலையை மாற்ற நான் வாங்கிய, இல்லை, செய்வித்துக்கொண்ட பொருள்தான் இங்கு மதிப்புரைக்கு எடுத்துக்கொண்டிருக்கும் சுவர் மடிப்பு மேசை.

பொருளை முதலில் விவரித்துவிடுகிறேன். சுவரில் பொருத்தப்பட்ட, 7 அங்குல ஆழமே உள்ள ஒரு பெட்டி. அதன் முன்கதவு கீழ்விளிம்பில் நீளக் கீலால் இணைக்கப்பட்டிருக்கிறது. கதவை முன்பக்கமாக இறக்கினால் 42 அங்குல அகலமும் 22 அங்குல ஆழமும் உள்ள மேசைப் பலகையாகிறது. இருபுறமும் மடியும் இரும்புத் தாங்கிகள் அதைப் பிடித்துக்கொள்கின்றன. பெட்டிக்குள் மடிக்கணினி நிற்க ஓர் இடுக்கு, குறிப்பேடுகளுக்கு ஒரு தட்டு, மின்னிணைப்புக்கான பலகை, கம்பிகள் வெளியேற ஒரு துளை. கதவை மேலே தூக்கி மூடினால், காந்தப் பிடிப்பு 'டக்' என்று பற்றிக்கொள்ள, அறையில் ஒரு தட்டையான சுவரலமாரி மட்டுமே தெரியும்.

18 மில்லிமீட்டர் பிளைவுட், ஈரம் தாங்கும் தரத்தில் ஒரு முழுப் பலகை, மேலே ஒட்டச் சன்மைக்கா, கீல், தாங்கி, கூலி எல்லாம் சேர்த்து எனக்கு 9,600 ரூபாய் ஆனது. வேலூரில் ஒரு சிறிய தச்சுப் பட்டறையில் சொல்லிச் செய்தது. இணையத்தில் இதைவிடக் குறைந்த விலையில் ஆயத்தமாகக் கிடைப்பவற்றில் பல துகள்பலகையால் (பார்ட்டிகிள் போர்டு) ஆனவை. துகள்பலகையில் ஒருமுறை முறுக்கிய திருகைக் கழற்றி அதே துளையில் மீண்டும் முறுக்கினால் முன்போலப் பிடிப்பதில்லை. வாடகை வீட்டில் இருப்பவர்கள் இடம் மாறும்போது கழற்றித்தான் ஆகவேண்டும் என்பதால், இந்த ஒரு காரணத்துக்காகவே பிளைவுட்டுக்குக் கூடுதலாகச் செலவழிப்பது தகும் என்பது என் கருத்து.

இந்த மேசையின் உண்மையான சிறப்பு, அதன் மேல் எதையும் விட்டுவைக்க முடியாது என்பதுதான். தேநீர்க் குவளை, கண்ணாடிக் கூடு, பாதியில் நிற்கும் கோப்பு, மகளின் கொண்டை ஊசி என எது பலகையில் இருந்தாலும் கதவு மூடாது. எனவே ஏழு மணிக்கு மூடவேண்டுமென்றால் ஆறு ஐம்பதுக்கே ஒவ்வொன்றாக எடுத்து உள்ளே வைக்கத் தொடங்கவேண்டும். மடிக்கணினியை அணைத்தே தீரவேண்டும். மறுநாள் முதலில் பார்க்கவேண்டிய மூன்று கோரிக்கைகளின் எண்களைக் குறிப்பேட்டில் எழுதி வைத்துவிடவேண்டும். அந்தப் பத்து நிமிடங்களில் வேலை மனத்திலிருந்தும் இறங்குகிறது. சாப்பாட்டு மேசையில் இருந்த காலத்தில் நான் வேலையை நிறுத்தியதுண்டு, முடித்ததில்லை. மூடிய பிறகு மீண்டும் திறக்க முடியாதா என்றால், முடியும். ஆனால் கதவை இறக்கி, தாங்கிகளை விரித்து, கணினியை எடுத்து வைத்து, கம்பியைச் செருகி உட்கார வேண்டிய அந்தச் சிரமமே, 'ஒரே ஒரு மின்னஞ்சலைப் பார்த்துவிடுவோம்' என்ற எண்ணத்தைப் பெரும்பாலும் தடுத்துவிடுகிறது.

வீட்டிலிருந்து வேலை செய்வது புதிய ஏற்பாடு என்று நகரத்து நண்பர்கள் பேசும்போது எனக்கு என் அம்மாதான் நினைவுக்கு வருவார். குடியாத்தத்தில் எங்கள் தெருவில் ஒரு வீட்டில் கைத்தறி ஓடும், அடுத்த வீட்டில் பீடி சுற்றுவார்கள். அம்மா இரவே நனைத்து வைத்த இலையைக் காலையில் தகடு வைத்து வெட்டி, மடியில் முறத்தைப் போட்டுக்கொண்டு, தூளை வைத்துச் சுருட்டி, நூல் சுற்றி, முனையை மடக்கிப் போடுவார். முறம் மடியில் இருக்கும்வரை நாங்கள் அவர்மீது சாயக்கூடாது. முறத்தைத் தட்டிச் சுவரில் சாத்திவிட்டால் அம்மா எங்களுடையவர். என் மேசையின் கதவை முதன்முதலாக மூடிய அன்று எனக்குள் எழுந்த நிம்மதி, அந்த முறம் சுவரில் சாயும் ஓசையோடு பிணைந்தது என்றே நம்புகிறேன். ஆனால் இன்னொன்றையும் மறைக்காமல் சொல்லவேண்டும். ஆயிரம் பீடி என்ற கணக்கு முடியாத நாட்களில் அந்த முறம் இரவு பத்து மணி வரை அம்மாவின் மடியை விட்டு இறங்கியதில்லை. எந்த நேரத்தில் ஓய்வு என்பதைக் கணக்கு முடிவு செய்ததே தவிர, முறம் அன்று.

எனக்கும் அதுவேதான் நேர்ந்தது. மேசை வந்த முதல் இரண்டு மாதங்களில், மேசை மூடியிருந்தது; வேலை கைப்பேசியில் தொடர்ந்தது. அலுவலகக் குழுவின் செய்திகள் எட்டு மணிக்கும் ஒன்பது மணிக்கும் வந்துகொண்டே இருந்தன. சென்ற ஆண்டு வைகாசி முதல் நாள், அம்மனின் தலையை ஊர்வலமாக எடுத்துவரும் கெங்கையம்மன் சிரசுத் திருவிழாவுக்குக் குடியாத்தம் போனபோது, விடுப்பு எடுத்திருந்தும் மடிக்கணினியைப் பையில் கொண்டுபோனேன். தெருவில் சிரசு வரும் மேளச் சத்தம் கேட்க, தேங்காய் உடைக்க அம்மா கூப்பிட, நான் உள்ளறையில் ஒரு மறுக்கப்பட்ட கோரிக்கைக்கு விளக்கம் எழுதிக்கொண்டிருந்தேன். வெளியே வந்தபோது ஊர்வலம் தெருமுனையைத் தாண்டியிருந்தது. மகள் என்னிடம் எதுவும் கேட்கவில்லை. கேட்காததுதான் என்னை உறுத்தியது.

அதன் பிறகுதான் என் குழுத் தலைவரிடம் நேரடியாகப் பேசினேன். ஏழு மணிக்குப் பிறகு குழுச் செய்திகளைப் பார்க்கமாட்டேன், அவசரமானால் தொலைபேசியில் அழைக்கலாம், அலுவலகச் செயலியைக் கைப்பேசியிலிருந்து நீக்கிவிடுகிறேன், அது மடிக்கணினியில் மட்டும் இருக்கும் என்று சொன்னேன். அவர் தயங்கினார், ஒரு மாதம் பார்க்கலாம் என்றார். அந்த மாதத்தில் ஏழு மணிக்கு மேல் வந்த அழைப்புகள் இரண்டு. இரண்டுமே உண்மையில் அவசரமானவை. இரண்டுக்கும் மேசையைத் திறந்தேன். மற்றவை எல்லாம் மறுநாள் காலை பத்து மணிக்குப் பார்த்தாலும் கெட்டுப்போகாதவை என்பது எங்கள் இருவருக்குமே அப்போதுதான் தெளிவாயிற்று. பிரான்சில் 2017 முதலும், ஆஸ்திரேலியாவில் 2024 ஆகஸ்ட் முதலும் வேலை நேரத்துக்கு அப்பால் தொடர்பிலிருந்து விலகியிருக்கும் உரிமைக்குச் சட்டத்தின் ஆதரவு இருக்கிறது. நம் நாட்டில் இது தனிநபர் மசோதாவாக மக்களவையில் முன்வைக்கப்பட்டதுண்டு, சட்டமாகவில்லை. 1948இன் தொழிற்சாலைகள் சட்டம் வாரத்துக்கு 48 மணி நேரம் என்று வரம்பு வகுத்தபோது ஆலைக்கு ஒரு வாயிலும் ஒரு சங்கும் இருந்தன. வீட்டு மூலையில் உட்கார்ந்திருப்பவருக்கு அவரவரே பேசிப் பெற்றுக்கொள்ளும் ஒப்புதல்தான் சங்கு. ஆகவே இந்த மேசையை வாங்க நினைப்பவர்களுக்கு நான் வற்புறுத்திச் சொல்வது இது: நேரத்தைப் பற்றிய பேச்சை முதலில் பேசி முடித்துவிட்டுத் தச்சரிடம் போங்கள். நான் செய்ததுபோல முறை மாறிச் செய்தால், மேசை வெறும் அலமாரியாகவே நிற்கும்.

இனி குறைகள். முதலாவது, பொருத்திய விதம். பட்டறையிலிருந்து வந்தவர் இரு அறைகளுக்கும் இடையிலுள்ள 4.5 அங்குலத் தடுப்புச் சுவரில் பிளாஸ்டிக் செருகியும் திருகும் வைத்து மாட்டிவிட்டுப் போனார். ஐந்தே வாரங்களில் பெட்டியின் மேல்விளிம்பு சுவரிலிருந்து விரல் நுழையும் அளவுக்கு விலகி, பூச்சு உதிரத் தொடங்கியது. பலகையில் கைகளை ஊன்றித் தட்டச்சு செய்யும்போது முழுச் சுமையும் பெட்டியின் மேல்பக்கத் திருகுகளைத்தான் வெளியே இழுக்கிறது என்பதை அவர் கருதியிருக்கவேண்டும், நானும் கேட்டிருக்கவேண்டும். பட்டறை உரிமையாளர் மறுபேச்சுப் பேசாமல் ஆளனுப்பி, வெளிப்பக்கத்து 9 அங்குலச் செங்கற்சுவரில், பூச்சைத் தாண்டிச் செங்கல்லுக்குள் இறங்கும் ஆங்கர் போல்ட்டுகளால் மாற்றிப் பொருத்திக் கொடுத்தார். கூடுதல் கூலி கேட்கவில்லை. ஆனால் பழைய சுவரில் விழுந்த துளைகளை அடைத்து வெள்ளையடிக்கும் செலவு என்னுடையதாயிற்று. துளையிடுமுன் வீட்டுக்காரரிடம் அனுமதி கேட்டிருந்ததால் பிரச்சினை வளரவில்லை.

இரண்டாவது, உயரம். தச்சர்கள் வழக்கமாக 30 அங்குலம் என்று வைத்துவிடுகிறார்கள். ஐந்தடி ஒரு அங்குலம் உயரமுள்ள எனக்கு அது தோள்களைத் தூக்கிக்கொண்டு எழுதவேண்டிய உயரம். ஒரு மாதத்தில் கழுத்தடியில் வலி வந்தது. சுவரை மாற்றியபோதே 27.5 அங்குலத்துக்கு இறக்கச் சொன்னேன். நீங்கள் உட்காரப்போகும் அதே நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து, தோளைத் தளரவிட்டு, முழங்கையைச் செங்கோணத்தில் மடக்கி, தரையிலிருந்து முழங்கை வரை அளந்து அந்த அளவைத் தச்சரிடம் எழுதிக் கொடுப்பதே சரியான வழி. அப்படியும் பாதம் தரையில் முழுமையாகப் படியாவிட்டால் ஒரு மணை போதும்; நான் பூசைக்கு வைத்திருந்த பழைய பலாமணையைப் பயன்படுத்துகிறேன்.

மூன்றாவது குறைக்கு இன்னும் தீர்வில்லை. மேசை மடிகிறது, நாற்காலி மடிவதில்லை. மடிக்கும் இரும்பு நாற்காலியில் எட்டு மணி நேரம் உட்காருவது முதுகுக்குக் கேடு என்பதால் முதுகுத்தாங்கல் உள்ள நல்ல நாற்காலியையே வைத்திருக்கிறேன். மாலையில் அது அறையின் மூலையில் அலுவலகத்தின் மிச்சமாக நின்றுகொண்டிருக்கிறது. என் கணவர் அதில் துவைத்த துணிகளைக் குவிக்கத் தொடங்கிய பிறகு அது கொஞ்சம் வீட்டுப் பொருளாகிவிட்டது.

வேலூரின் வெயிலையும் கணக்கில் எடுக்கவேண்டும். மே மாதத்தில் 40 பாகையைச் சாதாரணமாகத் தாண்டும் ஊரில், மேற்குச் சுவர் மாலை நான்கு மணிக்குத் தோசைக்கல்லாகக் காய்கிறது. மடிக்கணினியின் சூட்டோடு சுவரின் சூடும் சேரும் இடத்தில் மேசையை மாட்டிவிடாதீர்கள். எனக்கு இரண்டாம் முறை கிடைத்தது வடக்குச் சுவர். அதுவும் சன்னலுக்குப் பக்கவாட்டில் அமைந்ததால் திரையில் வெளிச்சம் பட்டுக் கூசுவதில்லை. பெட்டியில், மின்னிணைப்புக்கு அருகே, காற்று போக மூன்று துளைகள் இடச் சொல்லுங்கள். மழைக்காலத்தில் கதவு உப்பி இறுகுமோ என்று பயந்தேன். நான்கு விளிம்புகளையும் பட்டை ஒட்டி மூடியிருந்ததால் அப்படி எதுவும் ஆகவில்லை.

பட்டறைக்காரர் சொன்ன ஒரு யோசனைக்கு நான் நன்றி சொல்லவேண்டும். கதவின் வெளிமுகத்துக்குச் சாதாரணச் சன்மைக்காவுக்குப் பதிலாக, சுண்ணக்கட்டியால் எழுதக்கூடிய பச்சைத் தகட்டை ஒட்டலாம் என்றார். 700 ரூபாய் கூடுதல். பகலில் அந்த முகம் பலகையின் அடிப்பக்கமாகத் தரையைப் பார்த்திருக்கும். ஏழு மணிக்கு மூடியதும் அது நான்காம் வகுப்புப் படிக்கும் மகளின் கரும்பலகையாகிவிடுகிறது. சுண்ணத்தூள் கீலில் படிவதால் வாரம் ஒருமுறை துடைத்து ஒரு சொட்டு எண்ணெய் விடவேண்டியிருக்கிறது என்பதைத் தவிர இதில் குறையில்லை.

இந்த ஆண்டு சிரசுக்கு மடிக்கணினி பெட்டிக்குள்ளேயே இருந்தது. மகளைத் தோளருகே நிறுத்திக்கொண்டு, சிதறிய தேங்காய்த் துண்டுகளை மிதிக்காமல் ஒதுங்கி, ஊர்வலம் முழுவதையும் பார்த்தேன். வாரநாட்களில் இரண்டு மூன்று மாலைகள் கோட்டைக்குப் போய் அகழிக்கரையோரம் நடந்துவிட்டு வருகிறோம். அதற்கு முன்பு, அதே ஊரில் இருந்தும், வெளியூர் உறவினர் வந்தால் மட்டுமே கோட்டைக்குப் போன நினைவு.

கனமான திரைகள் இரண்டு வைத்து வேலை செய்பவர்களுக்கும், செங்கற்சுவர் கிடைக்காத வீடுகளில் இருப்பவர்களுக்கும் இந்த மேசையை நான் பரிந்துரைக்கமாட்டேன். தனியறை உள்ளவர்களுக்கு இது தேவையே இல்லை. அவர்களுக்குக் கதவு இருக்கிறது. ஒரே அறையில் சமையல் வாசனைக்கும் பாடப்புத்தகங்களுக்கும் நடுவே வேலை செய்பவர்களுக்கு, பத்தாயிரம் ரூபாய்க்குள் இதைவிடப் பயனுள்ள ஒன்றை நான் அறியேன். மாதக் கடைசி மூன்று நாட்கள் கணக்கு முடிக்கவேண்டியிருப்பதால் எனக்கு இப்போதும் ஒன்பதரை மணி வரை மேசை திறந்தே இருக்கிறது. அந்தத் தேதிகளை முந்தின வாரமே வெளிமுகத்துப் பச்சைப் பலகையின் மேல்மூலையில் எழுதிவிடுகிறேன். மகள் அதைப் பார்த்துவிட்டுக் குடியாத்தத்துக்குத் தொலைபேசி செய்து, அந்த மூன்று நாட்களுக்குப் பாட்டியை வரச்சொல்லிவிடுகிறாள்.